படுக்கைப் புண்ணுக்கு எந்த மெத்தை வாங்கறது? வாங்கின பிறகு என்ன பாக்கணும்?

அப்பா ஸ்ட்ரோக் வந்து படுத்த அடுத்த வாரமே ஏர் பெட் வாங்கிட்டோம். இனிமே படுக்கைப் புண் வராதுன்னு வீட்ல எல்லாரும் நிம்மதியா இருந்தோம், மூணாவது வாரம் உடம்பு துடைச்சு விடறப்போ பாத்தா வால் எலும்பு மேல கட்டை விரல் அகலத்துக்கு செவந்து கெடக்கு. மெத்தைல ஒரு கோளாறும் இல்ல. பம்ப்ல ஒரு திருகு இருக்குமே, படுக்கறவர் எடைக்கு ஏத்த மாதிரி வெக்கறது, அத நான் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருந்தேன், காத்து நெறய இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சு. அப்பா அப்போ 50 கிலோ கூட இல்ல. மெத்தை பலகை மாதிரி ஆயிடுச்சு, அது மேல மூணு வாரம் படுக்க வெச்சிருக்கேன். அந்த குத்த உணர்ச்சிலதான் இத பத்தி படிக்க ஆரம்பிச்சேன், வீட்டுக்கு வர்ற நர்ஸ் அக்காவ நச்சரிச்சு கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டேன். அதத்தான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, புண் ஏற்கனவே இருந்துச்சுன்னா யாராவது டாக்டரோ நர்ஸோ நேர்ல பாக்கறது கண்டிப்பா வேணும்.

மொதல்ல இந்த புண் எப்படி வருதுன்னு ரெண்டு நிமிஷம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை மாட்டிகிட்டு நசுங்குது, ரத்த ஓட்டம் தடைபடுது, நமக்குன்னா வலிக்கும், தூக்கத்துலயே திரும்பி படுத்துடுவோம், அவங்களால அது முடியல. கெடறது பல சமயம் தோல்லேர்ந்து ஆரம்பிக்காது, உள்ள எலும்ப ஒட்டின சதைல ஆரம்பிச்சு வெளிய வரும், ஊதா கலர்ல வெளிய தெரியறதுக்கு ரெண்டு மூணு நாள் கூட ஆகலாம். அதனால இன்னைக்கு தெரியற காயம் முந்தாநாள் படுத்திருந்த எடத்துல வந்ததா இருக்கலாம். அழுத்தம் மட்டும் இல்லாம இழுவைன்னு ஒண்ணு இருக்கு, தலைப்பக்கம் கட்டில தூக்கினா தோல் பெட்ஷீட்ல ஒட்டிகிட்டு நின்னுடும், உள்ள எலும்பு மட்டும் கீழ சறுக்கும், நடுவுல இருக்கற ரத்தக் குழாய் முறுக்கிக்கும். அதோட வியர்வை, மூத்திர ஈரம், சூடு. இது எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கொறைக்கறதுதான் மெத்தையோட வேலை, முழுசா நிறுத்தற மெத்தை ஒண்ணும் கெடையாது.

இப்போ மெத்தைய விடுங்க, படுக்கப்போறவர பாருங்க. அவரால தானா திரும்ப முடியுதா, கொஞ்சமாவது நகர முடியுதா? அழுத்தறது அவருக்கு உணர்வு தெரியுதா? எவ்வளவு நேரம் ஈரத்துல இருக்காரு, சாப்பாடு எப்படி போகுது, ஒரு நாள்ல எத்தன மணி நேரம் படுக்கை, எத்தன மணி நேரம் சேர்? ஆஸ்பத்திரில இதையேதான் பிரேடன் ஸ்கேல்னு ஒரு அட்டைல மார்க் போடுவாங்க, பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் சேந்து 1987-ல வெளியிட்டது, ஆறு விஷயத்துக்கு மார்க், மொத்தம் 6-லேர்ந்து 23 வரைக்கும், மார்க் கொறைய கொறைய ஆபத்து ஜாஸ்தி, 18-ம் அதுக்குக் கீழயும் வந்தா ஜாக்கிரதையா இருக்கணும்னு கணக்கு. டிஸ்சார்ஜ் ஆகறப்போ இந்த மார்க் என்னன்னு கேட்டு வாங்கிக்கோங்க, மெத்தை விக்கறவர் கிட்ட பேசறப்போ இது ரொம்ப உதவும், ஏன்னா அவர் எல்லாருக்கும் ஒரே மெத்தையத்தான் காட்டுவாரு.

அப்புறம் தோல். செவந்த எடத்துல விரல வெச்சு அழுத்தி எடுத்தா வெளுத்துட்டு திரும்ப செவக்கணும். வெளுக்காம அப்படியே செவப்பா நின்னுச்சுன்னா அதுதான் மொதல் கட்டம், தோல் கிழிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல (2016-லேர்ந்து அமெரிக்க நிபுணர் குழு இத அழுத்தப் புண்ணுன்னு சொல்லாம அழுத்தக் காயம்னு சொல்ல ஆரம்பிச்சதுக்கு காரணமே இதுதான்). கருத்த தோல்ல செவப்பு சரியா தெரியாது, அதனால பொறங்கைய வெச்சு பாருங்க, பக்கத்து எடத்த விட சூடா இருக்கா, இறுகி இருக்கா, இல்ல கொழகொழன்னு இருக்கா, தொட்டா வலிக்குதான்னு. ரெண்டாவது கட்டம் மேல்தோல் போயி கொப்புளமோ ஆழமில்லாத புண்ணோ, மூணாவதுல உள்ள கொழுப்பு வரைக்கும், நாலாவதுல சதை, எலும்பு வரைக்கும். எங்க பாக்கணும்னா வால் எலும்பு, குதிகால், இடுப்பு பக்கவாட்டு எலும்பு, கணுக்கால் முட்டி, முழங்கை, தோள்பட்டை எலும்பு, பின்மண்டை, காது. குதிகாலத்தான் எல்லாரும் மறக்கறாங்க, நானும் மறந்தேன்.

சரி, மெத்தைக்கு வருவோம். கரண்ட் வேண்டாத மெத்தை, பம்ப் வெச்ச மெத்தைன்னு பெருசா ரெண்டா பிரிச்சுக்கோங்க.

கரண்ட் வேண்டாததுல முக்கியமானது நல்ல தரமான ஃபோம். சாதாரண ஸ்பாஞ்ச் மெத்தை இல்ல, ரெண்டு மூணு லேயர் வெச்சு, கீழ கெட்டியாவும் மேல மெத்துன்னும், உடம்பு கொஞ்சம் அமுங்கி எடை பரவற மாதிரி செஞ்சது, சாதாரணமா 15 செ.மீ. பக்கம் கனம் இருக்கும். மேல் லேயர்ல மெமரி ஃபோம் வெக்கறது உண்டு. மெமரி ஃபோமே 1966-ல நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட்ங்கற இன்ஜினியர் விமான சீட்டுக்கு கண்டுபிடிச்சது, ராக்கெட் தொழில்நுட்பம்னு விளம்பரத்துல போடறது அத வெச்சுதான், அதுக்காக ஏமாந்துடாதீங்க. அது உடம்பு சூட்ட புடிச்சு வெக்கும், நெறய வியர்க்கறவங்களுக்கு அது தொல்லை. வாட்டர் பெட் இன்னும் பல பேர் சொல்றாங்க, அழுத்தத்த பரப்பறது என்னவோ நெசம்தான், ஆனா அந்த கனத்த தூக்க முடியாது, தண்ணி ஜில்லுன்னு ஆயிடும், ஒழுகினா போச்சு, ஆள புரட்டறப்போ தளும்பும், எனக்கு அதுல ஈடுபாடு இல்ல.

ஃபோம வாங்கறப்போ ரெண்டு கையையும் கோத்து நடு மெத்தைல வெச்சு உங்க எடைய போட்டு அழுத்துங்க. கீழ பலகை தட்டுப்பட்டா வேண்டாம். வீட்ல பழைய மெத்தை இருந்தாலும் இதே சோதனைதான், வெளிய பளபளன்னு இருக்கும், இடுப்பு எடத்துல மட்டும் குழி விழுந்து செத்துப் போயிருக்கும்.

பம்ப் வெச்சதுல நெறய பேர் வாங்கறது மாத்தி மாத்தி காத்து ஏறி எறங்கற மெத்தை. ஒரு வரிசை குழாய் ஊதும், அடுத்தது எறங்கும், சாதாரணமா பத்து நிமிஷ சுத்து, அப்படியே மாறிகிட்டே இருக்கும், ஒரே எடத்துல அழுத்தம் நிக்காது. இதுலயும் ரெண்டு உண்டு. ஒண்ணு முட்டை முட்டையா குமிழ் இருக்கற மெல்லிசு ஷீட், ஏற்கனவே இருக்கற மெத்தை மேல விரிக்கறது. இன்னொண்ணு பெரிய பெரிய குழாய் குறுக்க அடுக்கி வெச்சது. குமிழ் ஷீட் சீப்பா கெடைக்கும், ஆனா குமிழ் சின்னது, எடை ஏறினதும் அமுங்கி அடி தட்டிடும். குழாய் 10 செ.மீ.க்கு கொறைவா இருக்கறத தவிர்க்க சொல்லி சர்வதேச வழிகாட்டுதலே வந்துச்சு, ஏன்னா எறங்கின குழாய் மேல உடம்பு அந்தரத்துல நிக்கற அளவுக்கு பக்கத்து குழாய் தூக்கணும், குட்டி குழாயால அது முடியாது. அதனால வெலைய கேக்கறதுக்கு முன்னாடி குழாயோட உயரத்த கேளுங்க.

அதுக்கு மேல, தோல் பக்கம் சன்னமா காத்து வீசி ஈரத்த காய வெக்கற மெத்தை ஒண்ணு இருக்கு, அப்புறம் ரொம்ப பொடி மணியில காத்த அடிச்சு மணல் கொதிக்கற மாதிரி ஆக்கி அதுல மெதக்க வெக்கற கட்டில் இருக்கு. அது பெரிய புண்ணுக்கும், பிளாப் ஆபரேஷனுக்கு (பக்கத்து தோலையும் சதையையும் நகத்தி புண்ண மூடறது) பிறகும் ஆஸ்பத்திரில வெக்கறது, கட்டிலே பயங்கர கனம், வீட்டுக்கு யாரும் யோசிக்க மாட்டாங்க.

அப்போ ஃபோமா ஏர் பெட்டா? இந்த கேள்விக்கு நான் எதிர்பாத்த பதில் ஏர் பெட்தான். ஆனா பிரிட்டன்ல பிரஷர் 2-ங்கற பேர்ல 2,029 நோயாளிகள வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணி 2019-ல வெளியிட்டாங்க, பாதி பேருக்கு மாறி மாறி காத்து ஏறற மெத்தை, பாதி பேருக்கு தரமான ஃபோம். புதுசா ரெண்டாவது கட்டமோ அதுக்கு மேலயோ புண் வந்தது காத்து மெத்தைல 6.9 சதவீதம், ஃபோம்ல 8.9 சதவீதம், உறுதியா ஒண்ணு ஒசத்தின்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அதுக்கு முன்னாடி 2006-ல அதே ஊர் குழு மெத்தை மேல விரிக்கற ஏர் ஷீட்டையும் முழு ஏர் மெத்தையையும் ஒப்பிட்டு பாத்துச்சு, அதுலயும் புண் வர்ற கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். இத படிச்சப்போ எனக்கு கொஞ்சம் ஆத்திரமே வந்துச்சு, இருக்கற காச எல்லாம் பம்ப்ல போட்டுட்டோமேன்னு.

என் கணக்கு இப்போ இப்படி. தானா கொஞ்சமாவது நகர்றவர், எழுந்து உக்கார்றவர், புண் இன்னும் இல்லேன்னா நல்ல ஃபோம் போதும், சொல்லப்போனா அதுதான் நல்லது, ஏன்னா காத்து மெத்தைல ஒரு கைய ஊனி எழுந்திரிக்க பாத்தா கை அமுங்கிடும், இருக்கற கொஞ்ச நஞ்ச நடமாட்டமும் போயிடும். சுத்தமா அசைய முடியாதவர், அடிக்கடி புரட்ட வீட்ல ஆள் இல்ல, இல்ல புரட்டினா உயிர் போற வலி, இல்ல ரெண்டு மூணு எடத்துல புண் வந்து எந்தப் பக்கமும் படுக்க வெக்க முடியல, இந்த மாதிரி இருந்தா பம்ப் வெச்சது. எப்பவும் ஈரமாவே இருக்கறவருக்கு காத்து வீசற வகைய கேட்டு பாருங்க. முதுகெலும்பு உடைஞ்சு இன்னும் நிலையா சேராதவங்கள மாறி மாறி ஊதற மெத்தைல டாக்டர கேக்காம படுக்க வெக்கவே கூடாது.

விக்கறவங்க ஒரு நம்பர் சொல்லுவாங்க, எங்க மெத்தைல அழுத்தம் 32 mmHg-க்கும் கீழன்னு (பிபி அளக்கற அதே அளவு). அது 1930-ல லாண்டிஸ்ங்கறவர் ஆரோக்கியமானவங்க விரல் நகத்துக்கிட்ட இருக்கற நுண் ரத்தக் குழாய்ல அளந்த கணக்கு. ரத்தம் கொறைஞ்சு எலும்பும் தோலுமா படுத்திருக்கற பெரியவரோட வால் எலும்புக்கு அது எப்படி பொருந்தும்? அந்த நம்பர வெச்சு மெத்தைய தேர்ந்தெடுக்காதீங்க.

உறை ரொம்ப முக்கியம், ஆனா யாரும் பாக்கறதில்ல. தண்ணி உள்ள போகக் கூடாது, ஆனா ஆவி வெளிய போகணும், ரெண்டு பக்கமும் இழுத்தா நீளணும். நீளாத உறையா இருந்தா உள்ள எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தாலும் தூளி மாதிரி இழுத்துக் கட்டினாப்ல ஆயிடும், உடம்பு அமுங்காது. தையல் எல்லாம் ஊசித் தையலா இல்லாம சூடு வெச்சு ஒட்டினதா, ஜிப் மேல மூடி இருக்கான்னு பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவ ஜிப்ப தொறந்து உறையோட உள் பக்கத்தையும் ஃபோமையும் பாருங்க, கறை இருந்தாலோ நாத்தம் வந்தாலோ உறை ஓட்டையாயிடுச்சுன்னு அர்த்தம், வெளிய துடைச்சு ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, மாத்தணும். ஊசி, சேஃப்டி பின் எல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க. துடைக்க என்ன மருந்துன்னு மெத்தை கூட வர்ற பேப்பர்ல போட்டிருக்கும், அதத்தான் போடணும், காரமான கிருமிநாசினி போட்டா உறைல வெடிப்பு விழுந்துடும்.

வாங்கி விரிச்சாச்சு. இப்போ செய்ய வேண்டியது, நான் செய்யாம விட்டது, இதுதான்: கைய உள்ள விட்டு பாருங்க. அவர் மல்லாக்க படுத்திருக்கறப்போ, ஏர் பெட்டுக்கு அடில, சரியா வால் எலும்புக்கு நேரா, உள்ளங்கை மேல பாக்கற மாதிரி கைய விடுங்க. உங்க கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவுல ரெண்டரை செ.மீ. காத்தாவது இருக்கணும், அதாவது சுமாரா ஒரு இன்ச். எலும்பு கைல தட்டுப்பட்டா அடி தட்டுதுன்னு அர்த்தம், காத்து பத்தல. மாறி மாறி ஊதற மெத்தையா இருந்தா அந்த எடத்து குழாய் எறங்கி இருக்கற நேரத்துல பாக்கணும், ஊதி இருக்கறப்போ பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். தலைப்பக்கம் தூக்கி உக்கார வெச்ச பிறகும் ஒரு தடவ பாருங்க, எடை எல்லாம் இடுப்புல வந்து எறங்கும், அப்பதான் நெசம் தெரியும். அதே மாதிரி காத்து ஜாஸ்தியான்னும் பாக்கணும், அவர் மெத்தைக்குள்ள கொஞ்சமாவது அமுங்கி இருக்கணும், மேல தக்க மாதிரி மெதந்துகிட்டு இருந்தா எடைத் திருக கொறைங்க.

பம்ப் வாங்கறப்பவே கேக்க வேண்டியது: கரண்ட் போனா எவ்வளவு நேரம் காத்து நிக்கும், குழாய் முனைய அடைக்க மூடி இருக்கா, காத்து கொறைஞ்சா அலாரம் அடிக்குமா, சுத்தம் பண்றப்போ ஆடாம கெட்டியா நிக்கற மோட் இருக்கா, அவசரத்துக்கு நெஞ்ச அழுத்தணும்னா ஒரே இழுப்புல காத்த எறக்கற வால்வு எங்க இருக்கு. எத்தன கிலோ வரைக்கும் தாங்கும்னும் கேளுங்க. சத்தத்தையும் ஆன் பண்ணி கேட்டு பாருங்க, ராத்திரி பூரா ஓடப்போறது அது, சில பேருக்கு மெத்தை அசையறதே தலை சுத்தி குமட்டும், தூக்கம் போயிடும், அவங்களுக்கு என்ன சொன்னாலும் அது ஒத்து வராது.

மெத்தை மேல என்ன போடறீங்கங்கறது இன்னொரு கதை. ரப்பர் ஷீட், அது மேல பெட்ஷீட், அது மேல மடிச்ச துணி, அது மேல உறிஞ்சற பேட், அதுக்கு மேல டயப்பர்னு அஞ்சு அடுக்கு போட்டா நீங்க காசு குடுத்து வாங்கின மெத்தை அவர தொடவே தொடாது. ஒரு பெட்ஷீட் லூசா, தேவைப்பட்டா நல்லதா ஒரே ஒரு பேட், அவ்வளவுதான். வட்டமா ஓட்டை வெச்ச குஷன், டயர் மாதிரி இருக்குமே, அத யாராவது வாங்கிட்டு வந்தா நன்றி சொல்லிட்டு பரண் மேல போடுங்க, நடுவுல இருக்கற எடத்த சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்த இன்னும் கெடுக்கும். செவந்த எடத்துல தேய்ச்சு மசாஜ் பண்றதும் கூடாது.

குதிகாலுக்கு எந்த மெத்தையும் முழு பதில் இல்ல. கெண்டைக்கால் முழுசுக்கும் நீளவாட்டுல தலகாணி குடுத்து குதிகால் காத்துல தொங்கற மாதிரி வெக்கணும், முழங்கால் லேசா மடங்கி இருக்கட்டும், கணுக்காலுக்கு பின்னாடி இருக்கற நரம்பு மாதிரி கெட்டியா இருக்கற எடத்துல மட்டும் எடை விழக் கூடாது.

கட்டிலோட பொருந்துதான்னு அளந்து பாருங்க. பக்கத்துல தடுப்புக் கம்பி இருந்தா, மெத்தை மேல ஏர் பெட் போட்டதும் ஆள் மேல ஏறிடுவாரு, கம்பி உயரம் கொறைஞ்ச மாதிரி ஆயிடும், உருண்டு விழுந்துடலாம். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவுல சந்து இருந்தா அதுல தலையோ கழுத்தோ மாட்டிக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல இதுக்குன்னே வழிகாட்டுதல் போட்டு தலை மாட்டக்கூடிய சந்து 12 செ.மீ.க்குள்ள இருக்கணும்னு சொல்லி இருக்கு. காத்து மெத்தை ஓரம் அமுங்கறப்போ சந்து இன்னும் பெருசாகும், அதனால ஓரத்துல கெட்டி ஃபோம் வெச்சதா பாத்து வாங்குங்க. படுக்கைல பீடி சிகரெட் சுத்தமா கூடாது, ஏர் பெட் ஓட்டையானா உள்ள இருக்கற காத்தே தீய ஊதி விடும், பாரபின் கலந்த கிரீம் தடவின துணியும் சட்டுனு புடிச்சுக்கும்.

மெத்தை வந்தாச்சுன்னு புரட்டறத நிறுத்திடாதீங்க, எங்க வீட்ல நடந்தது அதுவும்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைங்கற வழக்கம் பழசு, லுட்விக் குட்மன்ங்கற டாக்டர் 1944-ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில முதுகுத் தண்டு அடிபட்டவங்கள ராத்திரி பகல்னு பாக்காம அப்படித்தான் புரட்ட வெச்சாரு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் முதியோர் இல்லங்கள்ல 942 பேர வெச்சு 2013-ல வந்த ஆராய்ச்சில, தரமான ஃபோம்ல படுத்தவங்களுக்கு ரெண்டு, மூணு, நாலு மணி நேர இடைவெளி எதுலயும் வித்தியாசம் தெரியல. அதனால நல்ல மெத்தை இருந்தா ராத்திரில நீங்க கொஞ்சம் தூங்கலாம், ஆனா அந்த இடைவெளிய உங்க இஷ்டத்துக்கு நீட்டாம நர்ஸ் கிட்ட கேட்டு, தோல பாத்து முடிவு பண்ணுங்க. ஒருக்களிச்சு படுக்க வெக்கறப்போ முழுசா பக்கவாட்டுல வேண்டாம், இடுப்பெலும்பு மேலயே எடை நிக்கும், முதுகுக்கு பின்னாடி தலகாணி முட்டு குடுத்து 30 டிகிரி சாய்ச்சா போதும். தலைப்பக்கமும் சாப்பிடற நேரம் தவிர 30 டிகிரிக்கு மேல தூக்காம இருக்க பாருங்க, டியூப்ல சாப்பாடு போறவங்களுக்கும் மூச்சு திணறல் இருக்கறவங்களுக்கும் டாக்டர் சொல்றதுதான் கணக்கு. சேர்ல உக்கார வெச்சா அதுக்கும் நல்ல குஷன் வேணும், உக்காந்தா மொத்த எடையும் ரெண்டு எலும்புல நிக்குது.

புண் ஏற்கனவே இருந்தா, எந்த மெத்தையா இருந்தாலும் புண் மேல படுக்க வெக்காம பாத்துக்கறதுதான் மொத வேலை. மெத்தை மாத்தி, புரட்டி, சாப்பாட்டுல புரதம் சேத்து, டிரெஸ்ஸிங் ஒழுங்கா பண்ணியும் ரெண்டு வாரத்துல கொஞ்சம் கூட தேறலைன்னா திரும்ப கூப்பிட்டு காட்டுங்க. நாத்தம், சீழ், சுத்தி செவந்து சூடு பரவறது, காய்ச்சல், கருப்பா பொருக்கு, எலும்பு தெரியறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஓடுங்க, புது மெத்தை தேடிகிட்டு உக்காராதீங்க.

முடிஞ்சா வாங்காம மொதல்ல வாடகைக்கு எடுங்க. ஒரு வாரம் படுக்க வெச்சு, தெனம் தோல பாத்து, அவர் தூங்கறாரா, எழுந்திரிக்க முடியுதான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். உடம்பு எடை மாறினா, நடக்க ஆரம்பிச்சா, இல்ல இன்னும் படுத்துட்டா, மெத்தையையும் மறுபடி யோசிக்கணும்.

அப்பாவுக்கு திருக அவர் எடைக்கு கொறைச்சு, ஒருக்களிச்சு படுக்க வெக்க ஆரம்பிச்சதும் செவப்பு ஒரு வாரத்துக்குள்ள மங்கிடுச்சு, தோல் கிழியல, தப்பிச்சோம். பம்ப் கட்டில் கால்மாட்டுல தொங்குது, பெட்ஷீட் மாத்தறப்போ யார் கையாவது பட்டு திருகு நகந்துடுது. அதனால சரியான எடத்துல மார்க்கர்ல கோடு போட்டு, மேல செலோடேப் ஒட்டி வெச்சிருக்கேன், ராத்திரி படுக்க போறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அந்த கோட்ட பாத்துட்டு, கைய உள்ள விட்டு ஒரு தடவ பாத்துட்டு போறேன்.